ஏட்டில் ஏறாத செலவுகள்

மண்ணும் வருமானமும் – 7

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டும் பருவமழை களனி கங்கையாகவும் களுகங்கையாகவும் கடலுக்கு இறங்குவது இந்த வழியாகத்தான். இங்குள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் நுவரெலியாவில் இருப்பதுபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. விலை ஏறும் காலத்தில் இங்கே காடும் சரிவும் தோட்டமாகின. விலை இறங்கிய காலத்தில் நட்டத்தைத் தொழிலாளியும் மண்ணும் சுமந்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இதுவே நடைமுறை.

முதலில் கைமாறியது காணி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியவை என்று ஆக்கியது. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த, விறகு எடுத்த, மாடு மேய்த்த நிலம் ஒரே சட்டத்தில் விற்பனைப் பொருளாயிற்று. அதைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் கோப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. போட்ட முதலை இழந்தவர்களின் கதையை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வெட்டப்பட்ட காட்டுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

உயர்ந்த மலைகளில் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. சப்ரகமுவவின் தாழ்ந்த குன்றுகளுக்கு இன்னொரு பயிரும் வந்து சேர்ந்தது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுவந்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்தன. அந்தக் கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவற்றைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டதும் நிலைமை மாறியது. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. தோட்டச் சரக்கை ஏற்றிய களனிப் பள்ளத்தாக்கின் ஒடுக்கமான இரயில் பாதை 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓபநாயக்கவுக்கும் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் சரக்கு குறைந்தது, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. இன்று அந்தப் பாதை அவிசாவளையோடு நின்றுவிடுகிறது.

தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் முற்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பயணச் செலவும் அரிசிக் காசும் கடனாக எழுதப்பட்டன. அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை, தோட்டத்தின் இலாபத்துக்குப் பின்னால் தொழிலாளியின் கடன் நின்றது.

இறப்பர்த் தோட்ட வாழ்க்கைக்குத் தேயிலையில் இல்லாத ஒரு நிச்சயமின்மையும் உண்டு. பால்வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் குறையும், மழை பெய்தால் சிரட்டையில் தண்ணீர்தான் நிற்கும். நாட்டின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்றான இங்கே மழை நாட்களுக்குப் பஞ்சமில்லை. பால் வெட்டாத நாளுக்கு வரவேட்டில் பேர் விழாது, பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. வானிலையால் வரும் இழப்பை நிறுவனம் தாங்கினால் அது வியாபாரச் செலவு. இங்கே அது தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் அடுப்பில் போய் விழுந்தது. 1932இல் இறப்பரின் விலை இரண்டு மூன்று பென்சுக்கு வந்தபோது, பல தோட்டங்கள் மரத்தை வெட்டாமலே விட்டன. கூலி குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியபோது கூட்டிவந்ததும், இறங்கியபோது அனுப்பிவைத்ததும் ஒரே கை.

1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் – அரிசி ஒப்பந்தம் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலான விலை கிடைத்தது, நாட்டுக்கு அரிசியும் வந்தது. ஆனால் அந்த இறப்பரை வெட்டிய தமிழர்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. வாக்கு இல்லாதவரின் கூலியை உயர்த்துவதற்கு எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. சிதறிக் கிடந்த சப்ரகமுவத் தோட்டங்களில் தொழிற்சங்கத்தின் பிடியும் தளர்வாகவே இருந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் வடக்கு நோக்கிப் போய்விட்டன. பேரம் பேசும் பலம் இன்னும் குறைந்தது.

தனியார் இலாபம் மட்டுமே இத்தனைக்கும் காரணம் என்று முடிவுகட்டுவது எளிது, அது முழு உண்மை அல்ல. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் பெருங்காணிகளையும், 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுக்குக் கொண்டுவந்தன. ஆனால் அரசும் தோட்டத்தை அந்நியச் செலாவணி கறக்கும் மாடாகவே நடத்தியது. 1974ஐ ஒட்டிய பஞ்சத்தில் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை வெகுவாக மிஞ்சியது. அதே எழுபதுகளில்தான் இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கில் தொடங்கும் சிங்கராஜ மழைக்காட்டில், அரச ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்துக்காக இயந்திரங்கள் மரம் தறித்தன. மரங்கள் கொஸ்கமவில் இருந்த ஆலைக்குப் போயின. எதிர்ப்பு வலுத்து 1977க்குப் பிறகு தறிப்பு நிறுத்தப்பட்டது, 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமைக் களமாயிற்று. நிறுத்தியிராவிட்டால் அங்கே மரபுரிமை என்று அறிவிக்க அதிகம் மிஞ்சியிருக்காது.

1992இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. 1995 முதல் பங்குகள் விற்கப்பட்டன, காணி நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை என்ற ஏற்பாடே இலாபக் கணக்கை மாற்றிவிடுகிறது. மறுநடுகை செய்த இறப்பரைப் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் அது பயன் தரும். குத்தகைக் காலம் தேயத் தேய, புதிதாக நடுவதைவிட இருக்கும் மரத்தை ஒட்ட வெட்டுவதே கணக்குக்குச் சரியாகப் படும். தேயிலையிலும் இதே கதை: வயதேறிய செடி, காடு பிடித்த மலை, தூர்ந்த கான். மலையைச் செடிக்கணக்கில் பிரித்துத் தொழிலாளர் குடும்பங்களிடமே ஒப்படைத்து, கொழுந்தை நிறுத்து வாங்கும் வெளிவாரி முறையும் இந்தச் சூழலில் பரவியது. சில குடும்பங்களுக்கு அதில் வருமானம் கூடியது உண்மை. பசளைச் செலவும் விளைச்சல் குறைந்தால் வரும் இழப்பும் அவர்கள் தலைக்கு மாறியதும் உண்மை.

சம்பளம் உயரும்போது நிறை உயர்வதும் வழமை. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. முழுப்பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினாலும், வேலை நாட்களைக் குறைத்தாலும், அறிவித்த தொகை மாதக் கடைசியில் கைக்கு வருவதில்லை. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போவதைக் கம்பனிகள் 'ஆள் பற்றாக்குறை' என்கின்றன. இந்தச் சம்பளத்துக்கு வர மறுக்கிறார்கள் என்று சொன்னால் பொருந்தும்.

ஆள் குறைந்த தோட்டத்துக்கு ஆள் அதிகம் வேண்டாத பயிராக வந்தது முள்ளுத்தேங்காய் என்னும் எண்ணெய்ப் பனை. இறப்பரைப்போல அன்றாடம் மரத்துக்கு மரம் போகத் தேவையில்லை, குலை பழுத்தால் வெட்டினால் போதும். காலி மாவட்டத்தில் 1960களின் இறுதியில் தொடங்கிய இந்தப் பயிர், பிற்காலத்தில் கேகாலை மாவட்டத்தின் இறப்பர்க் காணிகளுக்கும் வந்தது. கிணறும் ஓடையும் வற்றுகின்றன என்று கிராமத்தார் எதிர்த்தனர். நீர் வற்றுவதற்கு இந்தப் பயிர்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கம்பனிகள் வாதிட்டன. 2021 ஏப்ரலில் அரசு புதிய நடுகையைத் தடைசெய்து, இருக்கும் மரங்களையும் கட்டங்கட்டமாக அகற்றச் சொன்னது. நீரைப் பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று நிச்சயம்: இறப்பர் மலை முள்ளுத்தேங்காயானால் பால்வெட்டும் குடும்பத்துக்கு அங்கே வேலை இல்லை.

சரிவில் உள்ள மண்ணின் பிடிப்புக்கு வேர் வேண்டும், மழைநீர் வழிந்தோடக் கான் வேண்டும். இரண்டையும் பராமரிப்பது செலவு, அதனால் அன்றைக்கு வரும் வருமானம் எதுவும் இல்லை. 2016 மே 17இல், பல நாள் அடைமழைக்குப் பிறகு, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார் புதையுண்டனர். அத்தகைய மழைக்கு எந்தச் சரிவும் அசையும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் லயத்தைச் சரிவின் அடியில் கட்டியது மழை அல்ல. நல்ல நிலம் பயிருக்கு, மிஞ்சிய நிலம் ஆட்களுக்கு என்ற பழைய கணக்கின்படி கட்டப்பட்ட வரிசைகள் அவை.

இரத்தினபுரிப் பக்கத்தில் நிலத்துக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதற்கு மதிப்பு அதிகம். 'இல்லம' எனப்படும் கூழாங்கல் படையில்தான் நீலமும் புஷ்பராகமும் கிடைக்கின்றன. குழியில் இறங்குபவருக்குப் பெரும்பாலும் நாட்கூலி இல்லை, சாப்பாடும் கல் கிடைத்தால் பங்கும் மட்டுமே. தோண்டிய குழியை மூடுவதற்கென்று அனுமதி கொடுக்கும்போதே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பிணைப்பணம் வாங்குகிறது. அனுமதி எடுக்காமல் தோண்டுபவரிடம் யாரும் பணம் வாங்குவதில்லை. மூடாத குழியில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது, ஆற்றங்கரையைக் குடைந்த மண் களுகங்கையில் கலந்து படுகையை உயர்த்துகிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெருவெள்ளம் கண்ட நகரம் இரத்தினபுரி.

கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடையில் ஒரு சிற்றோடை ஓடுகிறது. 1991இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு சிறு கெண்டை இனத்தின் இயற்கையான வாழிடம் அந்த ஓடைதான். அதன் இருகரையிலும் இறப்பரும் வயலும். தெளிக்கும் மருந்தும் அரிக்கும் மண்ணும் அந்த ஓடைக்குத்தான் போய்ச் சேரும். மீனுக்குச் சந்தை விலை இல்லாததால் அதன் அழிவு எந்த ஆண்டறிக்கையிலும் நட்டமாக வராது.

தோட்டக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. லயமும் அது நிற்கும் காணியும் அதுவரை அந்தக் குத்தகைக்குள் அடங்கியவை. அபாயமான இடத்திலிருந்து ஒரு குடும்பத்தை மாற்றுவதற்குக்கூட முதலில் காணியை விடுவிக்க வேண்டியுள்ளது. அடுத்த குத்தகையை எழுதுபவர்கள் தொழிலாளருக்கு உறுதியோடு வீட்டுக்காணி, ஆண்டுதோறும் இவ்வளவு மறுநடுகை, சரிவுக் கான்களின் பராமரிப்பு, ஓடைக்கரையில் பயிரிடாத பட்டி ஆகியவற்றைப் பணம் செலுத்தும் நிபந்தனைக்குச் சமமான நிபந்தனைகளாக எழுத வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, இப்போது வாக்குரிமை உள்ள சப்ரகமுவத் தோட்ட மக்களுக்கும் அவர்களது சங்கங்களுக்கும் உண்டு.

(தொடரும்)