தலையைத் திறக்காமல் மூளையைத் தட்ட முடியுமா?



போன மாதம் எங்க வீட்டில் பெரிய சண்டை. செவலைக் கன்னுக்குட்டியை விற்பதா வேண்டாமா என்று. காரணம் எங்க தாத்தா. அவருக்கு நாலு வருசமாக பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை விரல்கள் திருநீறு தேய்ப்பது போல தானாக உருளும். நடக்க எழுந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார்.

ஒரு உறவுக்காரர் வந்து, “டவுன்ல தலைக்குக் காந்தம் வச்சு வைத்தியம் பண்றாங்களாம். பத்தே நாள்ல குணமாம். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுறலாமாம்” என்றார். தாத்தா அன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் கட்டிலில் புரளக்கூட முடியவில்லை. அப்பாவும் நானும்தான் தூக்கி உட்கார வைத்தோம்.

அந்தக் காந்தம் நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், படித்தேன், தாத்தாவின் டாக்டரிடமும் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய். 1817இல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஆறே ஆறு பேரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். அதிலும் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததுதானாம்! நம் நடுமூளையில் கருப்பாக ஒரு சின்ன இடம் உண்டு. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. கை கால் நினைத்தவுடன் சுலபமாக அசைவதற்கு அது வேண்டும். இந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதுதான் இந்த நோய். தாத்தா சாப்பிடும் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. செத்த செல்லை அது பிழைக்க வைக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கண்ணால் பார்த்துவிட்டோம்.

இப்போ காந்தத்துக்கு வருவோம். டீச்சர் ஒரு கம்பிச்சுருளை கால்வனாமீட்டரில் இணைத்து, சட்டகாந்தத்தை உள்ளே நுழைத்து எடுத்தார். முள் துள்ளியது! காந்தத்தை அசைக்காமல் வைத்தால் முள் அசையவில்லை. காந்தப்புலம் மாறினால்தான் மின்சாரம் வரும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது இது.

இதையே 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் என்பவர் மனிதத் தலையில் செய்து காட்டினார். கம்பிச்சுருளைத் தலைக்கு மேலே பிடித்து, அதில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பலமான மின்சாரத்தை விட்டு நிறுத்தினார். மண்டை ஓடு மின்சாரத்தைச் சுலபமாக உள்ளே விடாது. ஆனால் காந்தப்புலத்தைத் தடுக்காது. உள்ளே போன காந்தப்புலம் மூளையில் சிறு மின்சாரத்தை உண்டாக்க, எதிரே உட்கார்ந்திருந்தவரின் கை தானாகத் துள்ளியது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மயக்க மருந்து இல்லை. ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் வரும். அதற்குக் காதில் அடைப்பான் வைத்துவிடுவார்களாம்.

ஆகவே காந்தம் பொய் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. சுருளின் வேகம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். நோய் இருக்கும் கருப்பு இடமோ அடி ஆழத்தில். அதனால் டாக்டர்கள் மேலே இருக்கும், கை காலை அசைக்கும் பகுதியைத் தட்டுகிறார்கள். நரம்புகள் கீழே உள்ள பகுதிகளோடு பின்னிக் கிடப்பதால் கொஞ்சம் பலன் கிடைக்கிறது. நொடிக்கு ஐந்து தடவை, பத்து தடவை என்று தட்டியதில் பலருக்கு மந்தமும் விறைப்பும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் அது நிரந்தரம் இல்லை. சில வாரங்களில் தேய்ந்துவிடுகிறது. 2020இல் ஐரோப்பிய நிபுணர்கள் எல்லா ஆய்வுகளையும் அலசி, பார்க்கின்சன் அசைவுக் குறைகளுக்கு ‘அநேகமாகப் பலன் உண்டு’ என்றுதான் சொன்னார்கள். ‘நிச்சயம்’ என்று சொல்லவில்லை.

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது போலிச்சுருள்தான். பார்க்க அதே சுருள், அதே ‘டக் டக்’. ஆனால் மூளையைத் தட்டாது. சிகிச்சை பெறுபவருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். போலி வைத்தவர்களில் சிலரும் ‘நல்லாயிருக்கு’ என்கிறார்கள்! அவர்கள் பொய் சொல்லவில்லை. 2001இல் கனடாவில், வெறும் போலி மருந்து போட்டவர்களின் மூளையில் உண்மையிலேயே டோபமின் ஊறியதைப் படம் எடுத்துக் காட்டினார்கள். நல்லாகும் என்ற நம்பிக்கையே அதைச் சுரக்க வைக்கிறது. அதனால்தான் ‘எனக்குக் குணமாச்சு’ என்று யாரோ ஒருவர் சொல்வது போதாது. போலியை விட நிஜம் எவ்வளவு கூடுதல் என்று பார்க்க வேண்டும்.

உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை நெற்றியில் வைத்து ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் மின்சாரம் விடும் முறையும் உண்டு. அதன் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. (தம்பிகளே, பேட்டரியை வைத்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.)

தாத்தாவின் டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டபோது சிரித்தார். “காந்தம் கூடுதல் உதவிதாம்மா, மாத்திரைக்குப் பதில் இல்லை. வலிப்பு வர்றவங்களுக்கும், தலைக்குள்ள உலோகம் இருக்கறவங்களுக்கும் அது ஆபத்து. பத்து நாள்ல குணம்னு சொன்னா நம்பாதீங்க” என்றார். தாத்தா முகம் வாடிப்போச்சு. எனக்கும் அழுகை வந்தது.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று சொன்னார். தரையில் குறுக்கே கோடு போட்டால், ஒட்டிக்கொண்ட கால் அதைத் தாண்டப் பார்க்கும், எட்டு வைக்க வந்துவிடும் என்று. கட்டிலிலிருந்து வாசல் வரை சாக்பீஸால் ஒரு எட்டுக்கு ஒரு கோடு போட்டேன். தாத்தா பதினோரு கோட்டையும் தாண்டி வாசலுக்குப் போனார். மாத்திரை இப்போ மணி பார்த்துத்தான். கன்னுக்குட்டி தொழுவத்தில் இருக்கு. அப்பத்தா தினமும் வீடு கூட்டும்போது கோடு அழிந்துவிடும். பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னே நானும் தம்பியும் மறுபடி போட்டுவிட்டு வருகிறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி