உங்களுக்குத் தெரியுமா? – யோகா ஸ்பெஷல்!

விவேகானந்தர் சிகாகோ போனது ஊருக்கே தெரியும். போகிற வழியில் நம்ம பினாங்கைத் தொட்டுவிட்டுப் போனது தெரியுமா? 1893 மே 31, பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போனது பயணம். யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் பினாங்கின் பெயரும் இருக்கிறது! மூன்றே வருடத்தில், 1896-ல், அவருடைய ‘ராஜயோகம்’ நூல் வெளிவந்து அமெரிக்காவையே மூச்சை உள்ளே இழுக்க வைத்தது!

ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் நம்ம மலாயாவில் சம்பளம் வாங்கியவர்! சாமியாராக அல்ல, டாக்டராக! 1913-ல் வந்தார். சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை. பத்து வருடம் கழித்து 1923-ல்தான் இந்தியா திரும்பினார். சொந்த ஊர் எது தெரியுமா? திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடை. ஆமாம், கோரைப்பாய்க்குப் பேர்போன அதே பத்தமடை! யோகா குருவுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா?

அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா இன்னும் ஒரு படி மேலே! சமாதானம் வேண்டும் என்று 1983-ல் குட்டி விமானம் ஒன்றில் பெர்லின் சுவரைத் தாண்டிப் பறந்தே போய்விட்டார்!

“எனக்கு உடம்பு வளையாதே” என்கிறீர்களா? பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் மொத்தம் 196. ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது எத்தனை? மூன்றே மூன்று! தலைகீழாக நில் என்று ஒரு வரிகூட இல்லை. அசையாமல், சுகமாக உட்கார். அவ்வளவுதான்!

அதுவும் முடியாதா? மல்லாந்து படுங்கள்! ‘ஹட யோக பிரதீபிகை’ நூல் எண்ணிச் சொல்லும் ஆசனங்கள் 15. அந்தப் பதினைந்தில் சவாசனமும் ஒன்று. சும்மா படுத்திருப்பதும் கணக்கில் சேர்த்தி!

பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயதில் நோஞ்சான். மலேரியா, டைபாய்டு, காசநோய், எல்லாம் பார்த்த உடம்பு! கயிறு, நாற்காலி, மரக்கட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் யோகாவுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். குனிந்து தரையைத் தொட முடியவில்லையா? தரைக்குப் பதில் கட்டையைத் தொடு! அந்த நோஞ்சான் வாழ்ந்தது 95 வயது வரை!

அமெரிக்காவின் மேத்யூ சான்ஃபோர்டுக்கு 13 வயதில் கார் விபத்து. நெஞ்சுக்குக் கீழே செயல் இல்லை. சக்கர நாற்காலி. இன்று அவர் என்ன செய்கிறார்? யோகா வாத்தியார்!

முதுகுவலியா? 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கச் சொன்னவற்றில் யோகாவும் உண்டு! (வலி கடுமையாக இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் பாய்.)

இது என் செல்லச் செய்தி. நாம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இத்தாலியில் 23 பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை லத்தீன் ஜெபமாலை. இன்னொரு தடவை ‘ஓம் மணி பத்மே ஓம்’ மந்திரம். இரண்டிலும் மூச்சு இறங்கி நின்ற எண் ஒன்றே. நிமிடத்துக்கு ஏறக்குறைய 6! கோயிலும் மாதா கோயிலும் அக்கம்பக்கமாக இருக்கும் ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழே அச்சடித்தது, ஐயா!

பாய் விரிக்க இடம் வேண்டுமா? பினாங்கில் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்கா. 1884-ல் உருவானது. உள்ளே போகக் காசில்லை! பையில் வாழைப்பழம் மட்டும் வேண்டாம். அங்கே உங்களைவிட நன்றாக வளைகிற குரங்குகள் உண்டு!

வயதாகிவிட்டதா? கோயம்புத்தூர் யோகா ஆசிரியை நானம்மாள் பத்மஸ்ரீ வாங்கிய 2018-ல் அவருக்குத் தொண்ணூற்றெட்டைத் தொடும் வயது! புதுச்சேரியில் பிறந்த தாவோ போர்ஷன்-லிஞ்ச், உலகிலேயே வயதான யோகா ஆசிரியை என்று கின்னஸில் ஏறியபோது 93. அதோடு நிறுத்தினாரா? 2020-ல் மறைந்தபோது வயது 101!