எண்ணை வரைந்தால் உண்மை தெரியும்

ஒரு கட்டத்தாளை எடுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்து நான்கு பட்டைகள் வரையுங்கள். முதல் பட்டை 11.9 சென்டிமீட்டர். அடுத்தது 9.2. மூன்றாவது 3.8. கடைசிப் பட்டை 1.8; கட்டைவிரல் அகலம்தான்.

இவை அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 12 அன்று பம்பாய் சட்டசபையில் எடுத்துவைத்த எண்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள்? முன்னேறிய இந்துக்களில் 119, முஸ்லிம்களில் 92, இடைநிலை வகுப்பாரில் 38. தீண்டப்படாதோரையும் உள்ளடக்கிய பிற்பட்ட வகுப்பாரில் 18. பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். கொலம்பியாவிலும் லண்டனிலும் ஆராய்ச்சி முடித்து வந்தவர், கல்வி எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று எண்களை வைத்தே வாதாடினார்.

அதற்கும் முன்பு, 1900-ல், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சுமார் 60 வண்ண வரைபடங்களைக் கையால் தயாரித்தார். அவை பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. ஜார்ஜியா மாநிலப் பொதுப் பள்ளிகளில் 1860-ல் வெறும் 7 ஆக இருந்த கறுப்பினப் பிள்ளைகள், 1897-ல் 1,80,000-ஐத் தாண்டியதை ஒரு படம் காட்டியது. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிந்திருக்கும். 1946-ல் இதே டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது.

இன்று கையில் இருக்கும் கருவி

அன்று பல நாள் பிடித்த வேலையை இன்று கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் சில நிமிடங்களில் முடித்துவிடும். முதுகலை படிக்கும், ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகள் சங்கரன்கோவில் வட்டாரத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வேலை செய்யலாம்.

ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஐந்தாண்டுக் கணக்கைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தவர் எத்தனை, எட்டை முடித்தவர் எத்தனை, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை? அதைப் பட்டைகளாக வரையுங்கள். எந்த இடத்தில் பட்டை சட்டென்று குட்டையாகிறதோ, அங்கேதான் பிள்ளை விசைத்தறிக்கோ, பூப் பறிக்கவோ, கல்யாணத்துக்கோ போயிருக்கும். மாலை நேரப் படிப்பகத்தில் அந்தப் பாடத்தைக் கூடுதலாக நடத்தலாம். தமிழில் எளிய விளக்கமும் பயிற்சிக் கேள்விகளும் தயாரிக்க செயற்கை நுண்ணறிவு உதவும். வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும், அக்டோபர் 2 கிராம சபையிலும் காட்டலாம்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: பிள்ளைகளின் பெயரையும் சாதியையும் எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள். எண்ணிக்கை மட்டும் போதும். சிற்றூரில் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள பிரிவைத் தனியாகக் காட்டினால் பெயரில்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

இரண்டு: செயற்கை நுண்ணறிவு தவறான எண்ணையும் தயங்காமல் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே சுமார் 73. இதையே அதனிடம் கேட்டுப் பாருங்கள். விடையை அரசு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே நல்ல பாடம்.

மூன்று: பட்டை ஏன் குட்டையானது என்பதைக் கணினி சொல்லாது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். பேருந்து இல்லையா, கடனா, பள்ளியில் யாராவது அவமானப்படுத்தினார்களா?

நம்மை மற்றவர்கள் எண்ணிய காலம் நீண்டது. இனி நாமே எண்ணுவோம். சங்கரன்கோவில் தனித்தொகுதி என்பதை எல்லோரும் அறிவோம். அந்தத் தொகுதியில் பத்தாம் வகுப்பை எட்டாத நம் பிள்ளைகள் எத்தனை என்பதையும் எல்லோரும் அறிய வேண்டும். ஒரு கட்டத்தாள் போதும், தொடங்கலாம்.