இன்ஜின் வேலை முடிந்தும் தடுமாறும் டீசல் கார்: பாகம் மாற்றும் முன் அளவைக் கேளுங்கள்

இன்ஜினை இறக்கி, போரிங் செய்து, ரிங் மாற்றி, ஹெட் வேலையும் முடித்து வண்டி கைக்கு வருகிறது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் சுற்றுகிறது. ஐட்லிங்கில் குலுங்குகிறது, மேட்டில் பிக்கப் இல்லை, பின்னால் புகை வேறு. "புது ரிங் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இதில் பாதிதான் உண்மை. ரிங் படியும் வரை ஆயில் சற்றுக் குறையலாம், கம்ப்ரஷன் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம். ஒரு சிலிண்டர் மிஸ் ஆவதும் கரும்புகை கக்குவதும் ஓட்டத்தில் சரியாகிற கோளாறுகள் அல்ல.

வேலைக்கு முன் இல்லாத கோளாறு பின்னால் வந்திருந்தால், கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் முதலாவது டைமிங். மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா போன்ற கார்களில் வந்த ஃபியட் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் செயின் மாட்டும்போது, கிராங்கையும் கேமையும் பூட்டி நிறுத்தத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் கண் அளவில் மாட்டி ஒரு பல் தள்ளிவிட்டால் இன்ஜின் ஓடலாம், ஆனால் நன்றாக ஓடாது. இன்னும் தள்ளினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். செய்த வேலை அத்தனையும் வீண்.

அடுத்தது இன்ஜெக்டர். பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் பீய்ச்சும் என்பதன் சிறு வேறுபாட்டை இன்ஜினின் கணினியான ஈசியூவுக்குச் சொல்வது அதுதான். கழற்றியவற்றைச் சிலிண்டர் மாற்றி மாட்டினாலோ, புதிது போட்டுவிட்டு ஸ்கேனரில் குறியீட்டைப் பதியாமல் விட்டாலோ இன்ஜின் குலுங்கும், புகைக்கும். அடியில் இருக்கும் செப்பு வாஷரைப் பழையதாகவே போட்டால் கம்ப்ரஷன் அந்த வழியாகக் கசியும். ஹெட் கேஸ்கெட்டின் தடிமனும் அப்படித்தான். பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் பிளாக்கை விட்டு எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்துதான் கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் இருந்ததை வாங்கிப் போட்டால் கம்ப்ரஷன் குறையும், அல்லது பிஸ்டன் முட்டும்.

புகையின் நிறமும் துப்புத் தரும். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. டர்போ ஹோஸ் சரியாக மாட்டப்படாததே பல சமயம் காரணம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட்.

ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து அடுத்த பாகத்தை வாங்கச் சம்மதிக்காதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எத்தனை? டீசலுக்கான கேஜில், நல்ல இன்ஜினில், பொதுவாக 20 முதல் 30 பார் வரும். அந்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் அதிகம் பேசும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைக் குப்பியில் பிடித்துப் பார்க்கும் ரிட்டர்ன் சோதனையில் எந்தக் குப்பி முதலில் நிரம்புகிறது? ஈசியூ கேட்கும் ரெயில் பிரஷரும் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) உண்மையில் கிடைப்பதும் ஒத்துப்போகின்றனவா? இந்த விடைகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். கோளாறைக் காட்டுவதும், பிறகு உங்கள் முறையீட்டைத் தாங்குவதும் அந்தத் தாள்தான்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஓடும் இன்ஜினில் டீசல் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ரெயிலில் ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாவது, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ டர்போ ஆயிலைக் கசியவிட்டாலோ, இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக எகிறலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

இனி உரிமை. காசு வாங்கிச் செய்த பழுதுபார்ப்பு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு சேவை. குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பிழைப்புக்காகச் சொந்த டாக்ஸி ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். "கமர்ஷியல் வண்டிக்குக் கேஸ் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில். கோபத்தில் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய் இன்ஜினைப் பிரித்துவிடுகிறார்கள். பிறகு முதல் பட்டறைக்காரர், "வேற ஆள் கை வெச்சதாலதான்" என்று சொன்னால் மறுக்க வழியில்லை. அதனால் முதலில் கோளாறை எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய நாள் கொடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட், புகை, ஓடோமீட்டர் மூன்றையும் வீடியோ எடுங்கள். வேறு இடத்தில் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே தகவல் கொடுத்து, பிரிக்கும்போது படம் எடுத்து, பழைய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். புதிய மெக்கானிக்கிடமும் அவர் கண்டதை எழுதி வாங்குங்கள்.

கூலி பாக்கிக்காகப் பட்டறை வண்டியைப் பிடித்து வைத்தால் அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அங்கே சண்டை போடுவதைவிட, ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி, வண்டியை மீட்டு, பிறகு வழக்குப் போடுவதே புத்திசாலித்தனம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. "செட் ஆயிடும்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும்.