பாட்டுக் கட்டினால் பணம் வருமா?

விடுதி அறையில் ஒருவர் பாட்டு எழுதுகிறார். அடுத்த அறை நண்பர் ஆர்மோனியத்தில் மெட்டமைக்கிறார். கல்லூரி நாள் விழாவில் அது பாடப்படுகிறது. அரங்கம் அதிரக் கைதட்டல் எழுகிறது. ‘இதையே பிழைப்பாகக் கொண்டால் என்ன?’ என்னும் ஆசை அன்றிரவே முளைத்துவிடுகிறது. ஆனால், ஆண்டுகள் பல சென்ற பின்னும் அந்தப் பாட்டால் பத்து ரூபாய்கூட வந்திருக்காது. ‘நமக்குத் திறமை போதவில்லை’ என்று அவர் முடிவு கட்டிவிடுவார். திறமைக் குறைவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் அதைவிடப் பெரிய காரணங்கள் சில உள. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலையா, வாடகையா?

தச்சர் ஒரு நாற்காலி செய்து விற்றால் விலை கைக்கு வந்துவிடும். நாற்காலியும் கை மாறிவிடும். பாட்டின் இயல்பு வேறு. ஆயிரம் பேர் பாடினாலும் அது தேய்வதில்லை. ஒருமுறை கேட்டவர், ஆக்கியவரைக் கேளாமலே மறுநாள் பாடலாம். ஆகவே பாட்டால் வரும் வருமானம் வீட்டு வாடகையைப் போன்றது. பயன்படுத்துந்தோறும் சிறிது சிறிதாக வரவேண்டியது.

இவ்வுண்மை நிலைபெற்ற கதை சுவையானது. 1847-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், எர்னெஸ்ட் பூர்ழே என்ற எழுத்தாளரும் அவருடைய இசையமைப்பாளர் நண்பர்களும் ஓர் உணவகத்திற்குச் சென்றனர். அங்கே அவர்களுடைய பாடல்களே இசைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. “எங்கள் பாட்டுக்கு நீர் பணம் தரவில்லை, உமது பானத்திற்கு நாங்கள் ஏன் தரவேண்டும்?” என்ற கருத்தில் அவர்கள் பணம் கொடுக்க மறுத்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு கலைஞர்கள் பக்கம் நின்றது. அதன் பயனாக, பாடலுக்குரிய கட்டணங்களைத் திரட்டிப் பங்கிடும் ‘சாசெம்’ என்னும் சங்கம் 1851-இல் அங்கே தோன்றியது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் இதற்குரியது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஒரு பாட்டில் மூன்று சொத்துகள் அடங்கியுள்ளன என்று இச்சட்டம் கொள்கிறது. சொற்கள் எழுதியவருடையவை, மெட்டு இசையமைத்தவருடையது, ஒலிப்பதிவு அதனைப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருடையது. எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாள் முழுதும், அதன் பின்னர் 60 ஆண்டுகளும் நிலைக்கும்.

உரிமை இருந்தும் கைக்கு எட்டாத நிலைதான் நெடுங்காலம் நீடித்தது. கட்டணம் திரட்டுவதற்கென 1969-இல் ‘இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி’ என்னும் சங்கம் மும்பையில் அமைந்தது. ஆனால் 1977-இல் உச்ச நீதிமன்றம், கூலி பெற்றுத் திரைப்படத்திற்கென ஆக்கப்பட்ட பாடலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. ஒருமுறை பெற்ற தொகையோடு பாடலாசிரியரின் கணக்கு முடிந்தது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. பாடல் திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலாக, பிற பயன்பாடுகள் அனைத்திலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உரிமைத்தொகை உண்டு. அதை அவர்களே விட்டுக்கொடுக்க விரும்பினாலும் செல்லாது என்று அத்திருத்தம் கூறியது. சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ மட்டுமே அதனை மாற்றித் தரலாம். திரைப்படம் சாராத ஒலிப்பதிவுகளுக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு.

பிறகும் ஏன் வறட்சி?

முதற் காரணம், எண்ணிக்கை. கேட்பு ஒன்றுக்குப் பத்துக் காசு என்றே வைத்துக்கொள்வோம். 10,000 பேர் கேட்டாலும் தேறுவது ரூ. 1,000. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் என அது பிரிந்தால், ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒரு மணி வாடகைக்கேனும் போதுமா என்பது ஐயமே. போதாக்குறைக்கு, ‘ஸ்பாட்டிஃபை’ நிறுவனம் 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பதிவுக்கு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெறவும், பொதுவாக 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். புதியவர் இடறுவது இந்த வாசற்படிகளில்தான்.

இரண்டாவது, நம் மக்களின் பழக்கம். மெல்லிசை மேடையிலும் திருமண வீட்டிலும் கேட்போர் சீட்டு எழுதி அனுப்புவது திரைப்பாடலுக்கே. கேட்டுப் பழகிய பாட்டையே மீண்டும் கேட்க விரும்பும் கூட்டத்தில், உள்ளூர்க்காரரின் புதுப் பாட்டுக்கு இடம் கிடைப்பது அரிது.

மூன்றாவதே நம் கையில் உள்ளது. ஊர்த் திருவிழாவுக்காகப் பக்திப் பாடல் எழுதும் ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். பாடல் தொகுப்பு வெளியிடுபவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, சிறு தொகையும் கொடுத்து, ஒரு தாளில் கையொப்பம் கேட்கிறார். பெயர் வெளியே வந்தால் போதும் என்ற மகிழ்ச்சியில் இளைஞர் படிக்காமலே ஒப்பமிடுகிறார். ‘எல்லா உரிமைகளும், எக்காலத்திற்கும், எந்நாட்டிற்கும்’ என்று அத்தாளில் எழுதியிருக்கும். வாடகைக்கு விடவேண்டிய வீட்டை முன்பணத்திற்கே கிரயம் செய்து கொடுத்த கதைதான் இது.

செய்யத்தக்கவை

எவ்வளவு நெருங்கிய நண்பராயினும் எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டு வென்ற பிறகு அதைப் பேசத் தொடங்கினால் நட்பும் கெடும்.

உரிமை மாற்றம் எழுத்திலும் கையொப்பத்திலும் இருந்தால்தான் செல்லும். அதில் எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பகுதி, எவ்வளவு உரிமைத்தொகை என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும்.

உரிமை பிறக்கப் பதிவு கட்டாயமன்று. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். எனினும், வழக்கு வந்தால் பதிவு ஒரு சான்றாக நிற்கும். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பாடல் வரிக்கோ மெட்டுக்கோ பதிவுக் கட்டணம் ரூ. 500. பாடல் வெளிவந்து ஒலிக்கத் தொடங்கிய பின் சங்கத்தில் உறுப்பினராவதும் நலம். சங்கம் திரட்டும் பணத்தில் தன் பெயர் இல்லாதவருக்குப் பங்கு வந்து சேராது.

இவையெல்லாம் செய்தாலும் பாட்டு மட்டுமே சோறு போடும் என்று உறுதி கூற இயலாது. படிப்பையோ வேலையையோ கைவிடாமல் பாட்டுக் கட்டுவதே பெரும்பாலோருக்கு ஏற்றது. ஆனால் ஒன்றை நாம் உறுதியாகச் செய்யலாம். இன்று எவரும் கேளாத பாட்டு இருபது ஆண்டு கழித்து ஊரெல்லாம் ஒலிக்கவும் கூடும். அன்று அது நம்முடையதாக இருக்கவேண்டுமானால், இன்று நீட்டப்படும் தாளைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவோமாக!