பால்வீதியும் புறநகர்வாசிதான்!

மார்கழி இரவு ஒன்பது மணிக்கு, அம்பத்தூரிலோ ஆவடியிலோ மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி மூன்று நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மஞ்சளாக இருப்பது நம் திருவாதிரை. வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையில் மின்னுவது ரைகல்.

இந்த நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது. நீல நட்சத்திரங்கள் கடும் வெப்பமானவை; எரிபொருளை மளமளவென்று எரித்துச் சீக்கிரமே ஆயுளை முடித்துக்கொள்பவை. ஆகவே ஒரு கேலக்ஸி நீலமாகத் தெரிந்தால், அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று பொருள். பிறப்பு நின்றால், கேலக்ஸி மெல்லச் சிவந்துவிடும்.

கேலக்ஸிகளுக்கும் பெருநகரங்கள் உண்டு. நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் நெருக்கியடித்து வாழும் கூட்டங்கள் அவை. நமக்கு அருகிலுள்ள பெரிய கூட்டங்களின் மையத்தில் பெரும்பாலும் சிவப்புக் கேலக்ஸிகள்தான். ஆனால் 1978-ல் ஹார்வி புட்சர், அகஸ்டஸ் ஓம்லர் என்ற இருவர் தொலைதூரக் கூட்டங்கள் இரண்டை ஆராய்ந்தபோது, நீலக் கேலக்ஸிகள் நிறையவே இருந்தன. அந்த ஒளி புறப்பட்டு 400 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர்கள் பார்த்தது நகரத்தின் பழைய போட்டோ!

1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அந்த நீலக் கேலக்ஸிகளின் உருவத்தைக் காட்டியது. பல, சுருள் வடிவம். சில, இழுபட்டுக் கோணல்மாணலாகக் கிடந்தன. இன்றைய கூட்டங்களிலோ சுருள் கைகள் இல்லாத, லென்ஸ் போன்ற கேலக்ஸிகளே அதிகம்.

இளமையைப் பறித்தது வயதா, வாழும் இடமா?

காற்றே இல்லாத நாளில்கூட, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கில் போனால் துப்பட்டா பின்னால் பறக்கிறதல்லவா? கூட்டத்துக்குள் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு பரவியிருக்கிறது. அதற்குள் வேகமாக விழும் கேலக்ஸியின் சொந்த வாயு இப்படித்தான் பின்னால் உருவப்படுகிறது. நட்சத்திரம் பிறக்க மூலப்பொருளே அந்த வாயுதான்! பக்கத்துக் கேலக்ஸிகளின் உரசலும் மோதலும் தம் பங்குக்கு உருவத்தைக் குலைக்கின்றன.

இதைப் படம்பிடித்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2015 செப்டம்பர் 28-ல், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது அஸ்ட்ரோசாட். அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கி, இளம் நட்சத்திரங்களைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன். ஏபெல் 85 என்ற கூட்டத்துக்குள் நொடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பாயும் ஜேஓ201 என்ற கேலக்ஸியை அது படமெடுத்தது. ஜெல்லி மீன் போல வால்கள்! பிய்த்தெறியப்பட்ட அந்த வாயுவிலும் புது நட்சத்திரங்கள் பிறந்திருப்பதை, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கோஷி ஜார்ஜ் குழுவினர் 2018-ல் வெளியிட்டார்கள். அணையும் முன் ஒரு பிரகாசம்.

நம் பால்வீதி? அது பெருங்கூட்டம் எதிலும் இல்லை. ஆண்ட்ரோமெடா போன்ற சில அண்டைவீட்டாரோடு ஒதுக்குப்புறமாகக் குடியிருக்கிறது. அதனால்தான் வாயு மிச்சமிருக்கிறது; இன்றும் அங்கே நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

'சிட்டிக்கு வெளியே இருக்கோமே' என்று அலுத்துக்கொள்ளும் ஆவடிக்காரர்களே... நம் சூரியன் பிறந்ததும் ஒரு புறநகரில்தான்!