பொட்டலத்தின் மேல் எந்த எழுத்து?

மளிகை வியாபாரிகளில் பலர் சொந்தப் பெயரிலேயே மசாலாப் பொடி, பருப்பு, தின்பண்டம் என்று பாக்கெட் போட்டு விற்கிறோம். சரக்கின் தரத்துக்கும் கவரின் கனத்துக்கும் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். அதன் மேல் அச்சாகும் எழுத்தை மட்டும் டி.டி.பி. ஆபரேட்டரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம்.

அடியேன் பட்ட பாடு இது. பல ஆண்டுகளுக்கு முன் மிளகுத்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் ஒரே அளவு, ஒரே நிறத்தில் 2,000 லேபிள் வீதம் அடித்தேன். லேபிள் சிறியது, பெயர் நீளம். ஆபரேட்டர் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி ஒரே வரியில் அடக்கிவிட்டார். திரையில் பெரிதாகப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அலமாரியில் அடுக்கிய பிறகு எது மிளகு, எது மிளகாய் என்று வாடிக்கையாளர்கள் திணறினார்கள். எடுத்துக் கொடுக்கும் பையனே மாற்றிக் கொடுத்தான். திரும்பி வந்த பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மீதி லேபிளைக் கிழித்துப் போட்டேன். அச்சகத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. புரூஃபில் கையெழுத்துப் போட்டவன் நான்தானே!

தமிழ் எழுத்து இயல்பிலேயே அகலமானது. ண, ஞ, ழ போன்றவற்றில் சுழியும் வளைவும் அதிகம். நெருக்கினால் அந்த இடைவெளிகள் அடைபடும். மிகத் தடித்த எழுத்தைச் சிறிய அளவில் போட்டாலும் அதே கதிதான்: மை பரவி, மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, பெயருக்கு வேண்டுமானால் அலங்கார எழுத்து இருக்கட்டும். எடை, விலை, தேதி, சேர்மானம் ஆகியவற்றுக்கு நடுத்தரத் தடிப்பில் சாதாரண எழுத்தே போதும். 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். விலையில் வரும் தகராறு பெரும்பாலும் அங்கேதான்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள், கட்டாய விவரங்களில் வரும் எண்களுக்குக் குறைந்தபட்ச உயரத்தை மில்லிமீட்டரில் நிர்ணயித்துள்ளன. எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவும் கூடாது. நெருக்கி அடிப்பவர்கள் கவனிக்க!

இங்கே பலர் ஏமாறும் இடம் பாயிண்ட் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். 12 பாயிண்ட் என்றால் சுமார் 4.2 மில்லிமீட்டர். ஆனால் அது எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். அதில் அச்சாகும் எண் 3 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறவும் செய்யும். ஆபரேட்டர் சொல்லும் பாயிண்டை நம்பாமல், புரூஃபில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

கடைப் பெயர்ப் பலகைக்கு வேறு கணக்கு. தமிழகத்தில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் உண்டு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. 40 அடிச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க 4 அங்குலமாவது வேண்டும். வண்டியில் போகிறவருக்கு அதுவும் போதாது.

எழுத்து உடைவதும் அடிக்கடி வரும் புகார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை முதலிய யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லேபிளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எதில் அடித்தாலும், அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆபரேட்டர்கள் இதைக் 'கர்வ் போடுவது' என்பார்கள். மாற்றாத பிரதி ஒன்றையும் வாங்கி வையுங்கள். கர்வ் போட்டதில் பிறகு எழுத்துத் திருத்தம் செய்ய இயலாது.

புரூஃபைத் திரையில் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம். சரியான அளவில் அச்செடுத்து, வெட்டி, நிஜப் பாக்கெட்டில் ஒட்டி, மாலை நேரத்துக் கடை வெளிச்சத்தில் அலமாரியில் வையுங்கள். கல்லாவுக்கு எதிரே நிற்கும் 60 வயதுக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.